கேஸ் மாத்திரை மறைத்த கிருமி: மருந்துக்கடை மேசையிலிருந்து பார்த்த தவறுகள்

கோபிச்செட்டிபாளையத்தில் மருந்துக்கடை வைத்து 22 ஆண்டுகள் ஆகின்றன. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் விற்பது பெரும்பாலும் கேஸ் மாத்திரைதான். "வெறும் வயிற்றில் போடுவோமே, அதில் ஓர் அட்டை" என்பார்கள். பேண்டோபிரசோல் அல்லது ஒமிபிரசோல் எடுத்துக் கொடுப்பேன். சட்டப்படி மருத்துவரின் சீட்டு வேண்டிய மாத்திரை. ஆனால் சீட்டு கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்ட காலம் உண்டு. ஆகவே கீழே வரும் தவறுகளில் முதலாவது நோயாளியுடையது மட்டுமல்ல, என்னுடையதும்கூட.

தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் மஞ்சளும் நெல்லும் வைக்கிற ஓர் அண்ணன் எனக்கு நெடுநாள் வாடிக்கை. வயது 52. இரண்டு ஆண்டுகளாகப் பத்து நாளுக்கு ஓர் அட்டை வாங்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் மொட்டைத் தலையோடு வந்தவரிடம் பழனிக்கா என்று கேட்டேன். "இல்லை தம்பி, என் கூடப்பிறந்தவனுக்குத் திதி முடித்துவிட்டு வருகிறேன். மூன்று வருடம் ஆகிவிட்டது. வயிற்றில் கட்டி" என்றார். அட்டை என் கையில் இருந்தது. இரண்டு ஆண்டுகளில் எழுபது அட்டைக்கு மேல் விற்றிருக்கிறேன். வீட்டில் யாருக்காவது வயிற்றுப் புற்றுநோய் உண்டா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இரைப்பையில் சுரக்கும் அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்றுதான் மருத்துவம் நெடுங்காலம் நம்பியது. புண் வந்தால் காரம், கவலை, கோபம் என்று காரணம் சொன்னார்கள். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் நோயாளிகளின் இரைப்பைச் சதையிலிருந்து சுருள் வடிவக் கிருமி ஒன்றை வளர்த்துக் காட்டினார்கள். இன்று அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. யாரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1994இல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் கிருமியைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் வகையில் சேர்த்துவிட்டது. புகையிலை இருக்கும் அதே பட்டியல்தான்.

பெரும்பாலும் சிறு வயதில், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. பிறகு பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருக்கிறது. முதலில் அழற்சி, சிலருக்குப் புண், இன்னும் சிலருக்கு இரைப்பையின் உள்தோல் மெலிந்து குடலின் தோல்போல மாறிவிடுவது, அவர்களிலும் வெகு சிலருக்குப் புற்றுநோய் என்று படிப்படியாகப் போகும்.

கேஸ் மாத்திரை இந்தப் படிகளில் எதையும் தடுப்பதில்லை. அமிலத்தைக் குறைக்கிறது, எரிச்சல் அடங்குகிறது, கிருமி இருந்த இடத்தில் இருக்கிறது. வீட்டில் புகை வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு அடுப்பைப் பார்க்காமல் இருப்பது மாதிரி. கிருமியை வைத்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் இந்த மாத்திரையைப் போட்டால் அழற்சி இரைப்பையின் அடிப்பகுதியிலிருந்து மேல்பகுதிக்குப் பரவக்கூடும் என்றும், அப்படிப் பரவிய அழற்சியே புற்றுநோய் அபாயத்தோடு கூடுதலாகத் தொடர்புடையது என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. எதுக்களிப்புக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்து உண்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம். நான் சொல்வது, எதற்கென்றே தெரியாமல் அட்டை அட்டையாக விழுங்குவதைப் பற்றி.

அண்ணனைக் கோவைக்குப் போய் இரைப்பை மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். அவர் அவ்வளவு தூரம் போகாமல் பக்கத்திலேயே ஓரிடத்தில் மூச்சுப் பரிசோதனை எடுத்துக்கொண்டு வந்தார். கிருமி இல்லை என்று முடிவு. காகிதத்தைக் காட்டும்போது அவர் முகத்தில் அத்தனை மகிழ்ச்சி. "காலையில் மாத்திரை போட்டீர்களா அண்ணா?" என்று கேட்டேன். "போடாமல் எப்படி? வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்களே, எரியும் அல்லவா?" என்றார்.

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். இந்தக் கிருமிக்கு யூரியேஸ் என்ற நொதி உண்டு. அதைக்கொண்டு யூரியாவை உடைத்து, தன்னைச் சுற்றி அம்மோனியாவைப் பரப்பி, அமிலத்திலிருந்து தப்பிக்கிறது. பரிசோதனையும் அதே வித்தையைப் பயன்படுத்துகிறது. முதலில் ஒரு பையில் ஊதச் சொல்வார்கள். பிறகு அடையாளமிட்ட கார்பன் உள்ள யூரியாவைக் குடிக்கக் கொடுப்பார்கள். அரை மணி நேரத்துக்குள் மறுபடி ஊத வேண்டும். கிருமி இருந்தால் யூரியா உடைந்து, அந்த அடையாளக் கார்பன் மூச்சில் வெளிவரும். கேஸ் மாத்திரை கிருமியின் எண்ணிக்கையையும் வேகத்தையும் தற்காலிகமாகக் குறைத்துவிடுகிறது. கிருமி சாகவில்லை, பதுங்குகிறது. சோதனையில் இல்லை என்று வந்துவிடும். ஆகவே கேஸ் மாத்திரையை இரண்டு வாரத்துக்கு முன்பும், எந்த நோய்க்காக உண்டதாக இருந்தாலும் ஆன்டிபயாடிக் மருந்துகளையும், வயிற்றுப் புண்ணுக்குக் கொடுக்கும் பிஸ்மத் என்ற உலோக உப்பு மருந்தையும் நான்கு வாரத்துக்கு முன்பும் நிறுத்தியிருக்க வேண்டும். மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் சோதனைக்கும் இதே விதிதான். வாய் வழியே குழாய் விட்டுப் பார்க்கும் எண்டாஸ்கோப்பியில் சதை எடுத்துப் பார்த்தாலும் கிருமி தப்பிவிடக்கூடும். எரிச்சல் தாங்காதவர்கள் மருத்துவரைக் கேட்டு அமிலத்தைத் தணிக்கும் நீர்மருந்தைக் குடித்துச் சமாளிக்கலாம்.

கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புரதத்தை இரத்தத்தில் பார்ப்பது இன்னொரு வகைக் குழப்பம். முழு உடல் பரிசோதனைப் பட்டியலில் மலிவாகச் சேர்த்துவிடுகிறார்கள். கிருமி ஒழிந்து பல மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் ஆன பின்னும் அது இருக்கிறது என்றே காட்டும். அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு மருந்து கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்தி, கோவையில் மறுபடி சோதித்தபோது அண்ணனுக்குக் கிருமி இருந்தது. 14 நாள் மருந்து. இரண்டு ஆன்டிபயாடிக், கூடவே அமிலம் குறைக்கும் மாத்திரை, காலையும் இரவும் கைநிறைய. மூன்றாம் நாளே நாக்கில் செம்புக் காசை வைத்த மாதிரி கசப்பு. அது அந்த இரண்டில் ஒன்றான கிளாரித்ரோமைசினின் குணம், நின்றதும் போய்விடும் என்று தேற்றினேன். ஒன்பதாம் நாள் பண்ணாரி குண்டத்துக்கு விரதம் இருக்கிறேன் என்று நான்கு நாள் மாத்திரையைத் தொடவில்லை. அம்மன் மேல் பாரத்தைப் போட்டவரிடம் நான் என்ன சொல்வது? விரதத்தில் மருந்துக்கு விலக்கு உண்டு என்று பூசாரியே சொல்லியிருப்பார், கேட்டிருந்தால்.

இடையில் நிறுத்தினால் மிஞ்சுகிற கிருமி அந்த மருந்துக்கு அசராததாக இருக்கும். நம் நாட்டில் ஏற்கெனவே மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகள் மிகுதி, கிளாரித்ரோமைசினுக்கும் அந்த நிலை வந்துகொண்டிருக்கிறது. இதில் எங்கள் கடைகளுக்குப் பங்கு உண்டு. வயிற்றுப்போக்கு என்று வந்தவருக்கெல்லாம் இரண்டு மெட்ரோனிடசோலைக் கிழித்துக் கொடுத்தோம் அல்லவா?

முதல் சுற்று முடிந்ததும் அவருக்கு எரிச்சல் போய்விட்டது. அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் ஊற்றிச் சாப்பிடுகிறேன், ஒன்றும் செய்யவில்லை என்றார். மறுபரிசோதனைக்கு நாள் கொடுத்திருந்தார்கள், போக மனமில்லை. நன்றாக இருக்கும் வயிற்றுக்கு எதற்கு ஆயிரக்கணக்கில் செலவு என்று வீட்டிலும் சொன்னார்கள்.

அப்போது அவருக்கு நான் சொன்னது தென்கொரியாவில் நடந்த ஓர் ஆய்வை. 2020இல் வெளிவந்தது. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்த, கிருமியும் உள்ள ஆட்களைச் சேர்த்து, குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு உண்மையான மருந்தும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். சுமார் ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மருந்துக் குழுவில் 1.2 சதவீதம் பேருக்கும் வெற்று மாத்திரைக் குழுவில் 2.7 சதவீதம் பேருக்கும் புற்றுநோய் வந்தது. அதைவிட நான் அழுத்திச் சொன்னது வேறு கணக்கு. யார் மருந்து உண்டார் என்பதை விட்டுவிட்டு, யாருக்குக் கிருமி உண்மையிலேயே ஒழிந்தது என்று பார்த்தால், ஒழிந்தவர்களில் 0.8 சதவீதம், ஒழியாதவர்களில் 2.9 சதவீதம். மாத்திரையை விழுங்கியதால் மட்டும் பயனில்லை, கிருமி போயிருக்க வேண்டும். போனதா என்பது எரிச்சல் நின்றதை வைத்துத் தெரியாது. மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, கேஸ் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, மறுபடி ஊதிப் பார்த்தால்தான் தெரியும்.

ஊதினார். இருந்தது.

இரண்டாம் சுற்றுக்கு மருத்துவர் பழைய ஆன்டிபயாடிக்கைத் தொடவில்லை. பிஸ்மத்தோடு டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், அமிலம் குறைப்பது என்று நான்கு. டெட்ராசைக்ளின் எங்கள் பக்கம் எளிதில் கிடைப்பதில்லை. டாக்ஸிசைக்ளினும் அதே இனம்தானே என்று மாற்றிக் கொடுக்கும் கடைகள் உண்டு. இந்தக் கிருமியிடம் அது அவ்வளவாக எடுபடாது. மூன்று நாள் காத்திருந்து ஈரோட்டிலிருந்து வரவழைத்தேன். கறவை மாடு வைத்திருக்கும் வீடு அவருடையது. வயிற்றுக்கு இதம் என்று மாத்திரையைப் பாலோடு விழுங்கப் பார்த்தார். பாலில் உள்ள கால்சியம் டெட்ராசைக்ளினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மருந்து உடம்பில் ஏறாது. தண்ணீர் மட்டும் என்று உறையின் மேல் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். டாஸ்மாக் பக்கம் போக வேண்டாம் என்பதை எழுதவில்லை, காதோடு சொன்னேன். நான்காம் நாள் மலம் கரியாகப் போகிறது என்று பதறிக்கொண்டு போன் செய்தார். அது பிஸ்மத்தின் நிறம். பிஸ்மத்தோ இரும்புச்சத்து மாத்திரையோ உண்ணாதவருக்குத் தார் மாதிரி மலம் போனால் கதை வேறு. உள்ளே இரத்தம் கசிகிறது என்று பொருள், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காரணமில்லாமல் எடை குறைவது, சோறு இறங்காமல் சிக்குவது, ஓயாத வாந்தி, இரத்தசோகை, ஐம்பதைத் தாண்டிப் புதிதாக வரும் வயிற்றுக் கோளாறு ஆகியவற்றுக்கும் மூச்சுப் பரிசோதனை போதாது, எண்டாஸ்கோப்பி வேண்டும்.

இந்தப் பதினான்கு நாளில் அவர் வீட்டம்மா கேட்ட கேள்வி: "ஈரோட்டு மஞ்சளை உலகமே மருந்து என்கிறது, நம் காட்டிலேயே விளைகிறது, அதைக் கரைத்துக் குடித்தால் ஆகாதா?" 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மஞ்சள், சந்தேகமில்லை. ஆய்வகத் தட்டில் மஞ்சளின் சாரம் இந்தக் கிருமியை அடக்குகிறது. தட்டு வேறு, இரைப்பை வேறு. மனிதர்களிடம் அது ஆன்டிபயாடிக்குக்கு மாற்றாக நிற்கவில்லை. ரசத்தில் போடுங்கள், கொள்ளுப் பருப்பில் போடுங்கள். உப்புக்கண்டத்தைத்தான் கொஞ்சம் குறைக்க வேண்டும், உப்பு மிகுந்த உணவும் இரைப்பைப் புற்றுநோயும் தொடர்புடையவை.

பயப்படுவதிலும் தவறு இருக்கிறது. கிருமி என்று தாளில் பார்த்ததும் கேன்சர் வந்துவிட்டது என்று அழுதவர்கள் என் கடையில் உண்டு. ஜப்பானில் 1,526 நோயாளிகளை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கவனித்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், கிருமி உள்ளவர்களில் 2.9 சதவீதம் பேருக்கே புற்றுநோய் வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. ஜப்பானோ அந்தப் புற்றுநோய் மலிந்த நாடு. இந்தியாவில் கிருமி மிகப் பரவலாக இருந்தும் இரைப்பைப் புற்றுநோய் அந்த அளவுக்கு இல்லை. ஆராய்ச்சியாளர்களே இதை ஒரு புதிர் என்கிறார்கள். ஆனால் நாடு முழுதும் ஒரே மாதிரி இல்லை, மிசோரமில் மிக அதிகம், தெற்கே வடக்கைவிடக் கூடுதல். ஆகவே சீனாவின் லின்சூ பகுதியில் 980 கிராமங்களில் கிருமி ஒழிப்பு நடத்தியபோது புற்றுநோய் சுமார் 14 சதவீதம் குறைந்தது என்ற செய்தியைக் கத்தரித்துக்கொண்டு வந்து, கோபியிலும் எல்லோருக்கும் மாத்திரை கொடுங்கள் என்று கேட்டால் என்னால் தலையாட்ட முடியாது. இங்கே முதலில் தேடிப் பிடிக்க வேண்டியவர்கள் புண் உள்ளவர்களும், குடும்பத்தில் இந்த நோய் வந்தவர்களும்.

கிருமி ஒழிந்ததும் எல்லாம் முடிந்தது என்பதும் முழு உண்மையல்ல. சீனாவில் 1,630 பேரிடம் நடந்து 2004இல் வெளிவந்த ஆய்வில், இரைப்பையின் உள்தோல் இன்னும் மாறாதிருந்தவர்களில் மருந்து உண்ட ஒருவருக்கும் புற்றுநோய் வரவில்லை, வெற்று மாத்திரைக் குழுவில் ஆறு பேருக்கு வந்தது. தோல் ஏற்கெனவே மாறிவிட்டவர்களுக்கு அந்த ஏழரை ஆண்டுகளில் அப்படித் தெளிவான பயன் தெரியவில்லை. அண்ணனுக்கு எண்டாஸ்கோப்பியில் தோல் மாற்றம் கொஞ்சம் தெரிந்தது. இரண்டாம் சுற்றுக்குப் பின் ஊதியதில் கிருமி இல்லை. இருந்தாலும் மூன்று ஆண்டுகள் கழித்து மறுபடி குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தேதியை என் கடைக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

சித்தப்பாவுக்கும் வந்தது, அப்பாவுக்கும் கிருமி இருந்தது, அதனால் பிள்ளைகளையும் சோதித்துவிடுங்கள் என்று மருத்துவர் சொன்னாராம். போன வாரம் திங்கட்கிழமை காலை, கோவை பஸ்சைப் பிடிக்கப் போகிற வழியில், இரண்டு மகன்களோடு கடைக்கு வந்தார். பெரியவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், சின்னவன் பெருந்துறையில் வேலை பார்க்கிறான். வெறும் வயிற்றோடு வந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். வந்திருக்கிறோம் என்றார்கள்.

"அண்ணா, நான் காலையில் கேஸ் மாத்திரை மட்டும் போட்டேன். தினமும் போடுவதுதான்" என்றான் சின்னவன்.

பெரியவனை மட்டும் பஸ் ஏற்றி அனுப்பினோம்.