சிமெண்ட் இல்லாத இடுப்பு மூட்டு: இடைக்கால ஆய்வறிக்கையை வாசிக்கும் முறை

எலும்போடு பிணைக்கும் சிமெண்ட் இல்லாமல் பொருத்தப்படும் செயற்கை இடுப்பு மூட்டைப் பொறுத்தவரை, இடைக்கால முடிவு என்பது பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய 5 முதல் 10 ஆண்டுகளைக் குறிக்கும். அத்தகைய ஆய்வறிக்கை கையில் கிடைத்ததும், முகப்பிலுள்ள வெற்றிச் சதவீதத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, எதைத் தோல்வி என்று எண்ணியிருக்கிறார்கள் என்பதைத் தேடுங்கள். எந்தக் காரணத்துக்காக மறு அறுவை செய்தாலும் அதைத் தோல்வியாக எண்ணுவது ஒரு முறை. தொற்றில்லாத தளர்வை, அதாவது கிருமித்தொற்று இல்லாமலே மூட்டு எலும்பிலிருந்து பிடிவிடுவதை, மட்டும் எண்ணுவது மற்றொரு முறை. நூறு பேரில் இருவருக்குத் தொற்றும் ஒருவருக்கு எலும்பு முறிவும் ஏற்பட்டு மறு அறுவை நடந்திருந்தாலும், இரண்டாவது முறைப்படி வெற்றி நூறு சதவீதம் என்றே எழுத முடியும்.

அடுத்து, தொடர் பரிசோதனைக்கு வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். அவர்கள் அனைவரையும் தோல்வியாகக் கொண்டு போட்ட கணக்கையும் சேர்த்துத் தரும் அறிக்கையே நம்பகமானது.

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் எக்ஸ்ரே பகுதி. தொடை எலும்புக்குள் செருகப்படும் உலோகத் தண்டின் நுண்துளைப் பூச்சுக்குள் எலும்பு வளர்ந்து பற்றிக்கொள்வதே இவ்வகை மூட்டின் அடிப்படை. தொடக்க மாதங்களில் தண்டு ஏறத்தாழ 150 மைக்ரானுக்கு மேல் அசைந்தால், எலும்புக்குப் பதிலாக நார்த்திசுவே உருவாகும். எனவே அறுவை முடிந்ததும் எடுத்த படத்தோடு பிந்தைய படங்களை, தண்டைச் சுற்றியுள்ள எலும்பைப் பிரித்துப் பார்க்கக் குரூயன் வகுத்த ஏழு மண்டலங்களின்படி ஒப்பிட்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். தண்டு தொடக்கத்தில் ஓரிரு மில்லிமீட்டர் இறங்கி நின்றுவிட்டால் பெரும்பாலும் அச்சமில்லை. ஆண்டுகள் கடந்தும் இறங்கிக்கொண்டேயிருந்தால் அது தளர்வு. பூச்சில்லாத நுனியைச் சுற்றி மெல்லிய கோடு தெரிவது பெரும்பாலும் பொருட்படுத்தத் தக்கதன்று. பூச்சுள்ள பகுதி முழுவதையும் சூழ்ந்த கோடுதான் கவலைக்குரியது. தொடை எலும்பின் மேற்பகுதி மெலிந்திருப்பது பார்ப்பவரைத் திடுக்கிட வைத்தாலும், தண்டு கீழே உறுதியாகப் பிடித்துச் சுமையை ஏற்றுக்கொண்டதன் விளைவாக அது நேரக்கூடும்.

தண்டு நிலைத்திருந்தும் உராயும் பரப்பினால் மூட்டு தோற்கலாம். மூட்டின் பந்து உராயும் பழைய பாலிஎத்திலீன் (பிளாஸ்டிக்) கிண்ணங்கள் ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்தபோது, அத்துகள்களால் சுற்றியுள்ள எலும்பு கரைவது அதிகரித்தது. 1990களின் இறுதியில் வந்த குறுக்குப்பிணைப்புப் பாலிஎத்திலீன் இந்தத் தேய்மானத்தை வெகுவாகக் குறைத்தது. ஆகவே இவ்விரு காலத்து முடிவுகளையும் ஒரே அட்டவணையில் ஒப்பிடலாகாது. உலோகத்தோடு உலோகம் உராயும், டீபியூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். மூட்டு, ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழ 13 சதவீதத்தினருக்கு மறு அறுவை தேவைப்பட்டதாகப் பிரிட்டனின் மூட்டு மாற்றுப் பதிவேடு காட்டியதை அடுத்து, 2010இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவிலும் பலருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது.

ஹாரிஸ் மதிப்பெண்ணை அளவோடு நம்புங்கள். இடுப்பின் வலியையும் செயல்பாட்டையும் அளக்க 1969இல் வெளியான இந்த நூறு மதிப்பெண் அளவுகோலில் வலிக்கு மட்டும் 44 உண்டு. நாற்காலியில் அமர்வதையும் காலுறை அணிவதையும் அது கேட்கிறதே தவிர, சம்மணமிடுவதையோ குத்துக்காலிடுவதையோ கேட்பதில்லை. தண்டினால் வரக்கூடிய தொடை வலியைத் தனியே பதிவு செய்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கடைசியாக, நோயாளிகளின் வயதைச் சரிபாருங்கள். ஐம்பது வயதினரிடம் கிடைத்த நல்ல முடிவை எண்பது வயதுத் தாயாருக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம். எலும்பு மெலிந்த முதியோரிடம் சிமெண்ட் இல்லாத தண்டைச் சுற்றித் தொடக்கத்திலேயே முறிவு ஏற்படும் வாய்ப்பு கூடுதல் என்பதால், அவர்களுக்குச் சிமெண்ட் வைத்த தண்டையே பரிந்துரைக்கும் மருத்துவர்கள் பலர்.