ராயக்கோட்டையை வகுப்பறைக்குள் கொண்டுவர

கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு ராயக்கோட்டை மலைக்கோட்டையின் மதிலை முப்பரிமாணத்தில் காட்ட செல்போனே போதும். ட்ரோன் வேண்டாம், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் வம்பு.

மதிலோரம் நடந்தபடியே, ஒரு படத்தின் முக்கால் பங்கு அடுத்ததிலும் விழும்படி எடுங்கள். முட்டி, நெஞ்சு, தலைக்கு மேல் என மூன்று உயரத்தில். மேகமூட்டமான நாள்தான் நல்லது. நான் முதல்முறை உச்சிவெயிலில் எடுத்தேன். நிழலெல்லாம் கல்லோடு கறையாய் ஒட்டிக்கொண்டது, திரும்ப மலையேற வேண்டியதாயிற்று! அளவு தெரிய மீட்டர் ஸ்கேல் ஒன்றைச் சாய்த்து வையுங்கள்.

படங்களைக் கோத்து முப்பரிமாண மாதிரியாக்க மெஷ்ரூம் என்ற மென்பொருள் இலவசம். என்விடியா கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி தேவை. பழைய தோற்றத்துக்கு, 1792இல் இங்கே வந்த ஆங்கில ஓவியர்கள் தாமஸ், வில்லியம் டேனியல்களின் ஓவியத்தைப் பார்க்கலாம். இடிந்த பகுதியை மாதிரியில் ஊகித்துக் கட்டினால் அதை வேறு நிறத்தில் காட்டிவிடுங்கள்.