தாய்லாந்தில் தேடி வந்து சிரிப்பவர்

பாங்காக் அரண்மனையின் மதிலை ஒட்டி, முதுகுப்பையோடு தனியாக நடந்து போனால் நல்ல சட்டை போட்ட ஒருவர் தானாகவே வந்து பேச வாய்ப்புண்டு. தன்னை ஆசிரியர் என்பார். இன்று பூஜை நாள், மதியம் ஒரு மணிவரை அரண்மனை மூடியிருக்கும் என்பார். அதுவரை பார்த்துவர ஒரு 'அதிர்ஷ்ட புத்தர்' கோயிலைச் சொல்லி, 20 பாட் (தாய்லாந்து நாணயம்) வாங்கிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டும் துக்துக் ஆட்டோ ஒன்றையும் கூப்பிட்டு நிறுத்துவார். அந்தக் கோயிலில் சும்மா உட்கார்ந்திருக்கும் இன்னொரு பெரியவர், நீங்கள் கேட்காமலே, இன்றோடு முடியும் வரியில்லா ரத்தின விற்பனையைப் பற்றிச் சொல்வார். சற்று நேரத்தில் நீங்கள் ஒரு நகைக்கடையில், கையில் குளிர்பானத்தோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

பொய் சொல்லிக் கடைக்கு இழுக்கும் இந்த நாடகம் பல ஆண்டுகளாக ஓடுகிறது. விழுபவர்கள் ஏமாளிகள் என்று நினைக்க வேண்டாம். ஒருவர் சொன்னால் சந்தேகப்படுகிறோம். ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒன்றையே சொன்னால் நம்பிவிடுகிறோம். அவர்கள் ஒருவரையொருவர் நன்றாகவே அறிவார்கள். 20 பாட் எப்படிக் கட்டுப்படியாகும் என்றால், கடை வாசலில் ஆளைக் கொண்டுபோய் இறக்கினாலே ஓட்டுநருக்குப் பெட்ரோல் கூப்பனோ கமிஷனோ கிடைத்துவிடும். அரசச் சடங்கு நடக்கும் நாட்களைத் தவிர அரண்மனை தினமும் காலை 8.30 மணிக்குத் திறக்கிறது. யார் என்ன சொன்னாலும் வாசல்வரை நடந்து போய்ப் பார்த்துவிடுங்கள்.

பட்டபிறகு செய்யும் தவறுதான் எனக்கு வருத்தமானது. சூடு கண்ட பூனையாகி, சிரிக்கும் எவரையும் கிட்டே சேர்க்காமல் ஊர் திரும்பிவிடுகிறார்கள். யார் யாரைத் தேடி வந்தார், எந்த இடத்தில் என்பதைப் பார்த்தால் போதும். சுற்றுலா இடத்தின் வாசலில் உங்களைத் தேடி வருபவர் பெரும்பாலும் வேலையில் இருக்கிறார். பழைய தலைநகரான அயுத்தயாவுக்குப் போகும் மூன்றாம் வகுப்பு ரயிலில் எதிரே உட்கார்ந்து, நறுக்கிய கொய்யாவை நீட்டும் அம்மாள் வீட்டுக்குப் போகிறார், அவ்வளவுதான். அந்த டிக்கெட் ஒரு குளிர்ந்த தேநீரின் விலைகூட ஆகாது. தெருவோரச் சாப்பாட்டு வண்டியும் அப்படித்தான். ஒரே வண்டிக்கு மூன்று நாள் போங்கள். மூன்றாம் நாள் உங்களுக்கு எவ்வளவு காரம் வேண்டும் என்பது வண்டிக்காரருக்கே தெரிந்திருக்கும். அங்கே மட்டும் பேரம் பேசாதீர்கள். துணிக்கடையில் சிரித்துக்கொண்டே குறைக்கச் சொல்லலாம், சோற்றுக்குச் சொல்வது அசிங்கம். சைவம் உண்பவர்கள் 'ஜே' என்று சொல்லிக் கேட்க வேண்டும். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மீன் சாறு தாராளமாக விழும்.

பழகத் தொடங்கியதும் வயதைக் கேட்பார்கள். துருவுகிறார்கள் என்று முகம் சுளிக்க வேண்டாம்: உங்களை 'பீ' என்று அழைப்பதா, 'நோங்' என்பதா என்று தெரிய வேண்டும். முன்னது அண்ணன், அக்கா. பின்னது தம்பி, தங்கை. நமக்கு இதில் விளக்கம் தேவையில்லை. 'கின் காவ் யாங்?' என்பதும் நம் ஊர் 'சாப்பிட்டாச்சா'தான். விருந்துக்கு அழைக்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 'கேக்' என்று உங்களைச் சுட்டிப் பேசுவது காதில் விழலாம். இந்தியரைக் குறிக்கும் அந்தச் சொல்லுக்கு விருந்தாளி என்றும் பொருள். பாங்காக்கின் சீலோம் பகுதியில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்கே அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'வாட் கேக்'.

ஆனால் அவர்கள் சொல்லும் 'ஆம்' நம் ஆம் இல்லை. ஆண் 'க்ரப்' என்றும் பெண் 'கா' என்றும் சொல்வது பல நேரம் நம் 'ம்' போல, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதுதான். 'ஸ்டேஷனுக்கு இதுதானே வழி?' என்று கேட்டால், இல்லை என்று சொல்ல மனமில்லாமல் தலையாட்டிவிடுவார்கள். 'ஸ்டேஷன் எங்கே?' என்று கேளுங்கள். அடுத்தவருக்குச் சங்கடம் தரக்கூடாது என்ற இந்தத் தயக்கத்துக்கு 'க்ரெங் ஜாய்' என்று பெயர். குரலை உயர்த்துபவரிடமிருந்து அவர்கள் சிரிப்போடு ஒதுங்கிக்கொள்வார்கள்.

எவ்வளவு நெருங்கினாலும் அரச குடும்பத்தைப் பற்றி விமர்சனத்தைக் கிளறாதீர்கள். குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவில் ஒரு குற்றச்சாட்டுக்கு 3 முதல் 15 ஆண்டுவரை சிறை உண்டு. நீங்கள் விமானம் ஏறிவிடலாம், உங்களோடு பேசியவர் அங்கேயே இருக்க வேண்டும். குழந்தையாகவே இருந்தாலும் தலையைத் தடவாதீர்கள். கோயிலில் புத்தரை நோக்கிக் காலை நீட்டாதீர்கள். பெண்கள் பிக்குகளைத் தொடக்கூடாது. வாடகை ஸ்கூட்டருக்குப் பாஸ்போர்ட்டை அடகாகக் கொடுக்காதீர்கள், சிக்கல் என்றால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155. மதுக்கடையில் அறிமுகமானவர் வாங்கித் தரும் கோப்பையை, உங்கள் கண்முன்னே ஊற்றப்படாவிட்டால் தொடாதீர்கள்.

ரயில் நிலையத்தில் பேசிக்கொண்டே இருக்கும்போது உங்கள் புதிய நண்பர் சட்டென்று எழுந்து அசையாமல் நின்றால், மணியைப் பாருங்கள். காலை 8 அல்லது மாலை 6, தேசிய கீதம் ஒலிக்கும் நேரம். நீங்களும் எழுந்து நில்லுங்கள். முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்.