வக்கீலுக்கு முன் பாஸ்புக்
இறந்தவரின் பேங்க் பணத்துக்காகப் பாரிமுனையில் வக்கீலைத் தேடும் முன், பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பாருங்கள். 'நாமினேஷன் ரிஜிஸ்டர்ட்' (பணத்தை வாங்க ஒருவரை நாமினியாகப் பதிவு செய்திருக்கிறார்) என்றிருந்தால் புரோபேட் (உயிலுக்குக் கோர்ட் தரும் சான்று), வாரிசு சான்றிதழ் எதுவும் வேண்டாம். கிளெய்ம் படிவம், இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாள அட்டை போதும். நாமினியிடம் கொடுத்தாலே பேங்கின் பொறுப்பு முடிந்துவிடும். அதனால்தான் இந்தச் சுருக்கு வழி. எல்லாம் சரியாக இருந்தால் 15 நாளுக்குள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

ராயபுரமோ திருவொற்றியூரோ, சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நடந்த இறப்பென்றால் இறப்புச் சான்றிதழை மாநகராட்சி இணையதளத்திலேயே இலவசமாக எடுக்கலாம். புரோக்கருக்குக் காசு தண்டம்.

வீடு, மனைக்கு இந்த நாமினேஷன் வழி உதவாது. கோர்ட் தடை இருந்தாலும் நடக்காது. அப்புறம், நாமினி பணத்தை வாங்குபவர்தான், உரிமையாளர் அல்ல. மற்ற வாரிசுகள் பங்கு கேட்கலாம்.