ஃபேன் ஃபிக்‌ஷனுக்கு விமர்சனம் சொல்லப் போகிறீர்களா?

முதலில் கேட்டுவிடுங்கள். "கதை படிச்சேன், பிடிச்சிருந்தது, ரெண்டு இடம் மட்டும் உறுத்துச்சு, சொல்லட்டுமா?" இவ்வளவு போதும். ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுகிறவர் காசு வாங்கி எழுதவில்லை, நீங்களும் காசு கொடுத்துப் படிக்கவில்லை. ஒரு படமோ நாவலோ பிடித்துப்போய், அதில் வரும் ஆட்களை விட்டுவிட மனசில்லாமல், அவர்களை வைத்தே தானாக ஒரு கதையை, வேலை முடிந்து வந்து ராத்திரி போனிலேயே தட்டி எழுதுகிறார். டிக்கெட் எடுத்துப் பார்த்த படத்தைத் திட்டுவதுபோல இதைத் திட்ட முடியாது. "வேணாம், சும்மா ஆசைக்குத்தான் எழுதுறேன்" என்றால் சரி, பிடித்த இடத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

"சொந்தமா யோசிக்கத் தெரியாதா" என்று ஆரம்பிக்கவே கூடாது. 1954-ல் பொன்னியின் செல்வன் தொடர் முடிந்தபோது, அப்புறம் இவருக்கு என்ன ஆச்சு, அவருக்கு என்ன ஆச்சு என்று வாசகர்கள் கேட்டதற்குக் கல்கியே முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். பிறகு எழுத்தாளர் விக்கிரமன் அதன் தொடர்ச்சியாக 'நந்திபுரத்து நாயகி' என்று ஒரு நாவலே எழுதினார். அதே ஆசையில்தான் வியாசர்பாடியில் ஒரு காலேஜ் பெண்ணும் இன்றைக்கு எழுதுகிறாள்.

தலைப்புக்குக் கீழே எழுதியிருப்பதையும் படியுங்கள். "இந்தக் கதையில் அவர் சாகவில்லை" என்று முதலிலேயே சொல்லியிருக்கும்போது "படத்துல செத்துட்டாரே" என்று கேட்பது குறை கண்டுபிடிப்பதில் சேராது. ஜோடி பிடிக்கவில்லை என்பதும் அப்படித்தான், அது உங்கள் விருப்பம், கதையின் கோளாறு இல்லை.

சரி, நிஜமான தப்புக்கு வருவோம். குத்துச்சண்டை, கேரம் என்று நம்ம ஏரியாவை வைத்துப் படங்கள் வந்தபிறகு, இந்தப் பக்கம் வந்தே இருக்காதவர்களும் வடசென்னையை வைத்து எழுதுகிறார்கள். ஒரு கதையில் மே மாசம் காசிமேட்டிலிருந்து விசைப்படகு கிளம்புகிறது என்று வையுங்கள். நமக்குச் சுருக்கென்று இருக்கும், ஏனென்றால் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில்தான் நிற்கும். "காசிமேட்டை மேப்புலயாவது பார்த்திருக்கியா" என்று கேட்டுவிட்டுப் போகலாம்தான், ஆனால் அதனால் யாருக்கு என்ன லாபம்? "தம்பி, மே மாசம் தடைக்காலம், விசைப்படகு போகாது. ஃபைபர் படகுக்கு அந்தத் தடை இல்ல, அதுல அனுப்புனா சீன் அப்படியே நிக்கும், இல்லன்னா கதையை ஜூலைக்குத் தள்ளிடுங்க" என்று சொன்னால் அவர் அன்றைக்கே உட்கார்ந்து திருத்துவார். கேரமும் அப்படித்தான். சிவப்புக் காயை, அதாவது ரெட்டைப் போட்டதும் ஹீரோ ஜெயித்துவிட்டதாக எழுதியிருந்தால், ரெட்டுக்கு ஃபாலோ போட வேண்டும், அதாவது அடுத்ததாகத் தன் காய் ஒன்றையும் குழியில் போட வேண்டும் என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள், அந்த ஃபாலோ விழுமா விழாதா என்பதை வைத்தே இன்னும் ஒரு பக்கம் படபடக்க வைக்கலாமே என்று காட்டிக்கொடுங்கள். தப்பைச் சுட்டுகிற இடத்திலேயே கதைக்கு ஒரு வழியும் திறந்துவிட்டால்தான் அது விமர்சனம் என்பது என் எண்ணம்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் பேச்சுமொழி. வாயைத் திறந்தால் எல்லாரும் "இன்னாமே", "கஸ்மாலம்" என்று மட்டுமே பேசுகிற கதையைப் படித்தால் எனக்குக் கோபம் வரும். ராயபுரத்தில் டீச்சரும் இருக்கிறார், ஹார்பரில் வேலை பார்க்கிறவரும் இருக்கிறார், பெரம்பூர் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் தாத்தா காலத்திலிருந்து வேலை பார்க்கும் குடும்பமும் இருக்கிறது, எல்லாரும் ஒரே மாதிரியா பேசுகிறார்கள்? ஆனால் அந்தக் கோபம் சூடாக இருக்கும்போது ஒரு வரியும் எழுதி அனுப்பாதீர்கள், ஒரு ராத்திரி போகட்டும். காலையில் ஒரே ஒரு வசனத்தை எடுத்து, நம் தெருவில் ஒரு அம்மா மகனிடம் இதை எப்படிச் சொல்வாள் என்று எழுதிக் காட்டுங்கள், அது போதும். ஏரியாவையோ சாதியையோ இழிவுபடுத்தி எழுதியிருந்தால் மட்டும் பூசி மெழுக வேண்டாம், "இந்த வரி எங்களை அவமானப்படுத்துது, எடுத்துடுங்க" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அப்போதும் பேச்சு அந்த வரியைப் பற்றித்தான், எழுதியவரின் வளர்ப்பைப் பற்றி இல்லை.

எழுத்துப் பிழை முழுவதையும் பட்டியல் போட்டு அனுப்பாதீர்கள். ல, ள மாறி மாறி வருகிறதென்றால் ரெண்டு இடத்தைக் காட்டினால் மிச்சத்தை அவரே பிடித்துக்கொள்வார். பாராட்டும்போதும் வெறுமனே "சூப்பர்" என்று சொல்லாமல், எந்த வசனம், எந்த இடம் என்று சொல்லுங்கள். பாராட்டை நாலு பேர் முன்னால் சொல்லலாம், குறையைத் தனியாகச் சொல்லுங்கள்.

பதில் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள், "ஏன் இன்னும் மாத்தல" என்று பின்னாலேயே போகக் கூடாது. அவர் நீங்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்கிறவராக இருந்தால், "அடுத்த அத்தியாயத்தைப் போடுறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்புங்க, படிச்சுட்டுச் சொல்றேன்" என்று கேட்டுப் பாருங்கள். வெளியே வந்தபிறகு பத்துக் குறை சொல்வதைவிட அது அவருக்கு எவ்வளவோ உபயோகம்.