மதுரை வெயிலில் குட்டிக் கெளுத்தி வளர்ப்பது எப்படி? முதல் தொட்டி வைப்பவர்களுக்கு

கெளுத்தி என்றால் நமக்குச் சந்தைக் கூடையில் துள்ளும், கையில் முள் குத்தும் மீன்தான் தெரியும். ஆனால் இரண்டரை, மூன்று சென்டிமீட்டரிலேயே முழு வளர்ச்சி முடிந்துவிடும் கெளுத்திகளும் உண்டு. வண்ணமீன் வளர்ப்பவர்கள் தேடித் தேடி வாங்குவது இவற்றைத்தான். இந்தக் கூட்டத்தில் இன்றைக்கும் புதுப்புது இனங்கள் கண்டுபிடிக்கப்படுகின்றன என்பது அதற்கு ஒரு பெரிய காரணம்.

வெகுதூரம் போக வேண்டாம். கேரளத்தின் குந்திப்புழாவில் கிடைத்த சூடோலகுவியா ஆஸ்ட்ரினா என்ற சிறு கெளுத்திக்கு 2011இல்தான் பெயர் வைத்தார்கள். கர்நாடகத்தின் குமாரதாரா ஆற்றிலிருந்து இன்னொரு சூடோலகுவியா 2013இல் வந்தது. 2023இல் ஹோராக்லானிஸ் பாப்புலை. கேரளத்தில் நிலத்தடி நீரில் வாழும், கண்ணே இல்லாத, சிவந்த மீன். வீட்டுக் கிணற்றில் தென்பட்டதை ஊர்மக்கள் தெரிவித்து உதவியதால், அந்த மக்களின் நினைவாகவே பெயர் சூட்டினார்கள்.

தென் அமெரிக்க மீன்களில் இன்னொரு விசேஷம்: பல இனங்கள் அறிவியல் பெயர் கிடைப்பதற்கு முன்பே கடைக்கு வந்துவிடுகின்றன. அதனால் வாயால் கல்லில் ஒட்டிக்கொள்ளும் சக்கர் வகைக் கெளுத்திகளுக்கு எல் என்ற எழுத்தோடும், மணலைக் கிளறித் தீனி தேடும் கோரி வகைக் கெளுத்திகளுக்கு சி அல்லது சிடபிள்யூ என்ற எழுத்துகளோடும் எண் கொடுத்து அழைக்கிறார்கள். வரிக்குதிரைபோல் கறுப்பு வெள்ளைப் பட்டை கொண்ட எல்046, 1991இல்தான் ஹிபான்சிஸ்ட்ரஸ் ஜீப்ரா ஆனது. பெயரில்லாமல் எண் மட்டும் கொண்ட மீனை வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு தனிக் கிளர்ச்சி இருக்கிறது.

ஆனாலும் முதல் தொட்டியில் அப்படிப்பட்ட மீன் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. காட்டிலிருந்து பிடித்து வந்த அபூர்வ மீனைவிட, பண்ணையில் பிறந்த பிக்மி கோரியில் தொடங்குங்கள். கோரிடோரஸ் பிக்மேயஸ் என்று 1966இல் பெயர் பெற்றது. 2024இல் கோரிடோரஸ் பேரினத்தையே பல பேரினங்களாகப் பிரித்தபோது இது காஸ்ட்ரோடெர்மஸ் பிக்மேயஸ் ஆகிவிட்டது. கடையில் பிக்மி கோரி என்று கேட்டாலே போதும்.

படி 1: தொட்டியும் மணலும்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் ஏறக்குறைய 56 லிட்டர். எட்டு முதல் பத்துப் பிக்மிகளுக்கு இது தாராளம். ஆறுக்குக் குறைந்தால் பயந்துபோய் இலைக்கடியிலேயே கிடக்கும்.

மணலில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கடையில் தரும் வண்ணக் கல் வேண்டாம். கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்டும் வேண்டவே வேண்டாம். அது உடைத்த கல், முனை கூராக இருக்கும். கோரியின் மீசை அதில் உரசி உரசித் தேய்ந்து, புண்ணாகி, சீழ் பிடித்துவிடும். உருண்ட மணிகளாக இருக்கும் மெல்லிய மணல் வேண்டும். விரலிடையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், உறுத்தக் கூடாது. தண்ணீர் தெளியும்வரை அலசி, இரண்டு அங்குலத்துக்கு மிகாமல் பரப்புங்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், மீன் வந்தபிறகு நீங்களே பார்ப்பீர்கள். கோரி மூக்கு முழுக மணலில் குத்தும், ஒரு வாய் அள்ளும், தீனியை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு மணலைச் செவுள் வழியாக இரண்டு பக்கமும் புகைபோல விடும். கல் தொட்டியில் இந்தக் காட்சி கிடையாது.

படி 2: தண்ணீர்

மதுரையில் பல பகுதிகளில் போர் தண்ணீர் நல்ல கடினத் தண்ணீர். முதலில் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். பிக்மிக்கு 300க்குள் இருந்தால் நல்லது. உங்கள் போர் தண்ணீர் 800, ஆர்ஓ தண்ணீர் 50 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாளி போருக்கு மூன்று வாளி ஆர்ஓ கலந்தால் ஏறக்குறைய 240 வரும். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி-குளோரின் சேர்க்காமல் ஊற்றாதீர்கள்.

படி 3: காத்திருப்பு

ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாமலே தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள். அது அழுகி அம்மோனியா உண்டாகும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஸ்பாஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே கடைக்குப் போங்கள். தெரிந்தவர் தொட்டியில் ஓடிய பழைய ஸ்பாஞ்ச் கிடைத்தால் நாள் குறையும்.

படி 4: வெயில்

பிக்மிக்குப் பிடித்த வெப்பம் 22 முதல் 26 டிகிரி. நம் ஊர்ச் சித்திரை மாதத்தில் மாடி அறைத் தொட்டி 32ஐச் சாதாரணமாகத் தொடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் அதிகம் தங்காது. கோரி மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிக் குடலால் மூச்சு வாங்கக்கூடிய மீன்தான். எப்போதாவது அப்படிச் செய்தால் கவலை இல்லை. எல்லாம் சேர்ந்து நிமிடத்துக்கு நிமிடம் மேலே ஓடினால் தண்ணீரில் கோளாறு என்று அர்த்தம்.

தொட்டியைத் தரைத்தளத்தில், மேற்கு வெயில் படாத சுவரோரம் வையுங்கள். மூடியைத் திறந்து வலை போட்டு, சின்ன மேசை விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் திருப்பினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கியிருக்கும். கரண்ட் போகும் நேரத்துக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். இவ்வளவு செய்தும் 28க்குக் கீழே வராத வீடு என்றால், சூட்டைக் கொஞ்சம் தாங்கும் ஸ்டெர்பை கோரியை எடுங்கள். ஆறு சென்டிமீட்டர் வரும், எண்ணிக்கையை ஆறோடு நிறுத்துங்கள். எதுவானாலும் கத்திரி வெயிலில் மீன் வாங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை நல்ல காலம்.

படி 5: மீன் வாங்குதல்

மீசை முழுதாக இருக்கிறதா, வயிறு ஒட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பண்ணை மீனா, பிடித்த மீனா என்று தயங்காமல் கேளுங்கள். கடைக்கு வந்து ஒரு வாரமாவது ஆன மீன் நல்லது.

கோரியை வலையில் அள்ளினால் துடுப்பு முள் விறைத்து வலைக்கண்ணில் மாட்டிக்கொள்ளும். கப்பால் எடுக்கச் சொல்லுங்கள். பயந்த கோரி ஒருவகை நஞ்சைத் தண்ணீரில் விடும். நெருக்கி அடைத்த பையில் அதுவே அவற்றைக் கொன்றுவிடலாம். ஆகவே பெரிய பை, கொஞ்சம் மீன். வீட்டில் பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒரு மணி நேரத்தில் மீனை மட்டும் விடுங்கள். பைத் தண்ணீர் வாசலுக்குப் போகட்டும்.

படி 6: அன்றாடம்

"கழிவைத் தின்னும், தீனி போட வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொடியான, அடியில் இறங்கும் தீனி தினமும் வேண்டும். வாரம் ஒருமுறை உறைந்த ஆர்ட்டீமியா (இறால் போன்ற மிகச் சிறு உயிர்) கொடுத்துப் பாருங்கள், கூட்டமே மேலும் கீழும் சுற்றும். வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். நோய் வந்தால் கைநிறையக் கல்லுப்பு போடும் பழக்கம் இங்கே அதிகம். கோரிக்கு அது ஆகாது.

கூட்டாளியாக எம்பர் டெட்ரா என்ற சிறு மீன் சரி. ஏஞ்சல் மீனும் தங்கமீனும் வேண்டாம். குட்டிக் கோரியை விழுங்கப் பார்த்தால் முள் தொண்டையில் நிற்கும், இரண்டும் சாகும்.

வேண்டாமென்று தோன்றினால் கடையில் திருப்பிக் கொடுங்கள், நண்பருக்குக் கொடுங்கள். கண்மாயிலோ வைகையிலோ விடாதீர்கள். தொட்டியிலிருந்து வெளியே போன சக்கர் மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி நம் மீன்களுக்கு இடைஞ்சலாகிவிட்டது. அதேபோல மலை ஓடைகளில் இறங்கி நம்மூர்ச் சிறு கெளுத்தியைப் பிடித்து வரவும் வேண்டாம். ஓடும் குளிர்ந்த நீரில் வாழ்ந்தவை வீட்டில் தாங்காது.

ஒரு கோடையை உங்கள் பிக்மிகள் தாண்டிய பிறகு எண் மட்டும் கொண்ட மீனைப் பற்றி யோசிக்கலாம். அதைத் தனித் தொட்டியில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் சொன்ன எண், எந்த நாட்டு ஆறு, வாங்கிய தேதி மூன்றையும் எழுதி வையுங்கள். இனப்பெருக்கம் ஆனால் அந்தக் குறிப்போடு சேர்த்தே குஞ்சுகளைக் கைமாற்றுங்கள். வேறு வகையோடு கலக்க விடாதீர்கள்.