சாஃப்ட்வேரை மாற்றும் முன் டொமைன் வாங்குங்கள்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் சங்கம், சொசைட்டி, சின்ன கம்பெனி நடத்துகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 2025 ஜூலையில் ஐரோப்பியத் தடையைக் காரணம் காட்டி நயாரா எனர்ஜி என்ற எண்ணெய் சுத்திகரிப்புக் கம்பெனிக்கான சேவையை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. கம்பெனி டெல்லி உயர் நீதிமன்றம் போன பிறகுதான் திரும்ப வந்தது. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி. அதனால் வெளிநாட்டு சாஃப்ட்வேரை விட்டு மாற நினைத்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் சொந்த டொமைன், அதாவது இணையத்தில் உங்களுக்கென்று ஒரு பெயர் வாங்கி, அதிலேயே மின்னஞ்சல் வையுங்கள். பிறகு ஜிமெயிலை விட்டு நம் நாட்டு சோஹோ மெயிலுக்குப் போனாலும், மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டை மாற்றினால் புது மெயில் அங்கே வந்துவிடும். லெட்டர்பேடில் அச்சடித்த முகவரி மாறாது. டொமைன் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும், அதை வாங்கிக் கொடுத்த பையன் பெயரில் வேண்டாம்.

அடுத்து, எம்எஸ் ஆஃபிஸுக்குப் பதிலாக இலவச லிப்ரே ஆஃபிஸ். கேரள அரசுப் பள்ளிகளில் விண்டோஸுக்குப் பதில் கைட் லினக்ஸ்தான் ஓடுகிறது, அதில் லிப்ரே ஆஃபிஸ் பழகிய பிள்ளைகள் ஊரிலேயே கிடைப்பார்கள். தலைவலி எழுத்துருவில்தான். பழைய தமிழ்க் கடிதம் பாமினி என்ற எழுத்துருவில் இருக்கும், மலையாளம் எம்எல்-டிடி கார்த்திகாவில் இருக்கும். இரண்டையும் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் புதுக் கணினியில் 'அம்மா' என்பது ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

கணக்கு எழுதும் டாலி நம் நாட்டுச் சரக்குதான், ஆனால் அதற்கு விண்டோஸ் வேண்டும். கணக்குப்பிள்ளைக்கு மட்டும் ஒரு விண்டோஸ் கணினியை விட்டுவையுங்கள்.